குடிக்காத தேத்தண்ணி

நான் மருத்துவமாது. பொகவந்தலாவைப் பக்கம் சில தேயிலைத் தோட்டங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் லயம் லயமாக, தொழிலாளர் வரிசை வீடுகளில் ஏறி இறங்கிப் பார்ப்பதுதான் வேலை. எந்த லயத்துக்குப் போனாலும் எனக்கு ஒரே பெயர், மிஸ். எந்த லயத்துக்குப் போனாலும் ஒரே உபசாரம், தேத்தண்ணி. அதை நான் குடிப்பதில்லை. இப்போதுதான் குடித்தேன், வயிறு சரியில்லை, நேரமாகிவிட்டது, அடுத்த முறை பார்ப்போம் என்று பதில்கள் எப்போதும் கைவசம் இருக்கும். ஒருமுறை விரதம் என்றுகூடச் சொல்லிவைத்தேன். எந்தச் சாமிக்கு என்று அந்த வீட்டுக்காரம்மா விடாமல் கேட்டார். வாயில் வந்த ஒரு சாமியின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

உண்மைக் காரணம் வேறு. என் சின்ன மகன் பெரிய பிள்ளையாக இருந்தான். என்னை வெகுநேரம் முக்கவைத்து, கடைசியில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அன்றிலிருந்து சிறுநீர் என் பேச்சைக் கேட்பதில்லை. இருமினால் வரும், தும்மினால் வரும், சிரித்தால்கூட வரும். மலையில் இறங்கும்போது கேட்கவே வேண்டாம். லயத்துக் கக்கூஸ்களில் பாதி பூட்டிக் கிடக்கும், சாவி கொழுந்து எடுக்கப் போனவர்களின் மடியில் இருக்கும். நான் போட்டிருப்பதோ வெள்ளைச் சீருடை. ஆகவே காலையில் அரைக் கோப்பையோடு சரி, வீடு திரும்பும்வரை தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது. குழந்தை நிறுக்கும் தராசுக்கு அடியில், பையில், மாற்றுத் துணி ஒன்று எப்போதும் மடித்து வைத்திருப்பேன்.

எங்கள் மலைநாட்டில் ஒருவர் வீட்டில் வாய் நனைக்காமல் எழுந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுப்பார்கள். சாதி பார்க்கிறாள், இல்லையென்றால் உத்தியோகத் திமிர். நானும் லயத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத கணக்கப்பிள்ளையின் மனைவியை என் அம்மா என்ன பாடு படுத்திப் பேசுவார் என்பதைக் கேட்டே வளர்ந்தவள். அந்தப் பேச்செல்லாம் இப்போது என் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நடக்கட்டும் என்று விட்டேன். மூத்திரம் ஒழுகுகிறவள் என்பதைவிடச் சாதி பார்க்கிறவள் என்ற பழி எனக்குக் கௌரவமாகப் பட்டது. இதை எழுதும்போதே கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

மேட்டு லயத்தில் மூன்றாவது பிள்ளை பெற்ற ஒரு பெண் இருந்தாள். முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் கிளினிக் தவறாமல் வந்தவள், இதற்கு மட்டும் வராமலே இருந்தாள். பிள்ளைக்கு எடை பார்க்கவில்லை, ஊசி தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ஏறிப் போய் அவள் வீட்டு இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், நின்றபடியே பிடிபிடியென்று பிடித்தேன். மூன்று பெற்றவளுக்கு நான் பாடம் நடத்த வேண்டுமா, வேலைக்கும் போகாமல் வீட்டில்தானே இருக்கிறாய், கிளினிக் வரைக்கும் நடக்கக் கால் வலிக்கிறதா என்று கேட்டேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவள் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, இடுப்பு வலி என்று மட்டும் முணுமுணுத்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து டெட்டோல் வாசனை மூக்கில் ஏறியது. சுத்தமாக வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கல்சியம் மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லிவிட்டு, அவளுடைய மாமியார் கொண்டுவந்த தேத்தண்ணியை வழக்கம்போல மறுத்துவிட்டு இறங்கினேன்.

அதன் பிறகுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வு செய்ய வந்தார்கள். பேராசிரியை ஒருவர், சிங்களம் பேசுபவர். அவருக்கு மொழிபெயர்க்க எங்கள் பக்கத்து மாணவி ஒருத்தி. தோட்டத்துத் தாய்மாரின் உடல்நலம், மருத்துவமாதுகளின் நலம் இரண்டையும் பற்றிய ஆய்வு. என் நலத்தை விசாரிக்க ஒரு ஆய்வா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்களைச் சுகாதார அலுவலகத்து மண்டபத்தில் வட்டமாக உட்காரவைத்து, வேலையில் என்ன கஷ்டம் என்று கேட்டார்கள். பாதை என்றோம், அட்டை என்றோம், சிறுத்தை என்றோம், எழுதி மாளாத அறிக்கைகள் என்றோம். நான்தான் எல்லோரையும்விட அதிகமாகப் பேசினேன். சிறுத்தையை நான் ஒரு தடவைகூடக் கண்டதில்லை. கடைசியில் அந்த மாணவி, வெளியே சுற்றும்போது கழிப்பறைக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டாள். வட்டமே சிரித்தது. அதெல்லாம் பழகிப் போச்சு என்று எல்லோருக்கும் சேர்த்து நானே பதில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சில மாதங்கள் கழித்து, கண்டறிந்ததைச் சொல்வதற்குத் திரும்ப வந்தார்கள். தாய்மார் சொன்னவற்றில் சிலவற்றை, ஆளையும் தோட்டத்தையும் குறிப்பிடாமல், மாணவி தமிழில் வாசித்தாள். அதில் ஒன்று இது.

“எங்க மிஸ்ஸு நல்லவங்கதான். ஆனா எங்க வீட்டுல பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க. புள்ள பெத்ததிலேருந்து எனக்கு ஒண்ணுக்கு நிக்க மாட்டேங்குது, நாத்தமடிக்குதுன்னு கிளினிக் பெஞ்சிலகூட உக்காரப் பயமா இருக்கு. எங்க தண்ணியையே தொடாதவங்ககிட்ட இந்த அசிங்கத்த எப்புடிங்க சொல்றது?”

யாரப்பா அந்த மகாராணி என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கால்களை நெருக்கி வைத்துக்கொண்டேன். பிறகு மண்டபம் சட்டென்று அடங்கிவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எங்களில் எத்தனை பேர் லயத்தில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் என்று அப்போதுதான் யோசித்தேன். ஒருத்தி குடித்தும் நான் கண்டதில்லை.

அது யாருடைய வார்த்தை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது அந்த இஸ்தோப்பும், உட்கார மறுத்த அவளும், டெட்டோல் வாசனையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. என் வீட்டுக் குளியலறையிலும் அதே வாசனைதான். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊர் பார்க்க அவளை நிற்கவைத்து ஏசிவிட்டு வந்திருக்கிறேன். வெட்கம் என்றால் சாதாரண வெட்கமில்லை, பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

போய்ப் பார்க்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. எப்படிப் பேச்சை எடுப்பது என்பதுதான் தெரியவில்லை. உனக்கு இப்படி இருக்கிறதாமே என்று கேட்டால், நம்பிச் சொன்ன இடத்திலிருந்து விஷயம் வெளியே போய்விட்டது என்று நினைப்பாள். பிறகு எந்தக் காலத்திலும் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். அவளைப் பற்றிப் பேசாமல் அவளைப் பேசவைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதற்கு மனம் துணியாமல் இரண்டு மூன்று தடவை மேட்டு லயத்தைச் சுற்றிக்கொண்டு வேறு பாதையால் போனேன்.

ஒருநாள் மத்தியானம், மாமியார் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன். என்னைக் கண்டதும் அவள் முகம் இறுகியது. ஏச்சுக்குத் தயாராகிவிட்டாள். நான் உள்ளே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணி ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். அவள் அசையாமல் நின்றாள். பால்மா இல்லை என்றாள். வெறும் தேத்தண்ணி போதும் என்றேன். கிளாஸை ஒருமுறைக்கு இருமுறை கழுவி, புடவைத் தலைப்பால் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். முழுவதையும் குடித்தேன்.

“இதக் குடிச்சதுக்கு நான் ரோட்டுக்கு எறங்குறதுக்குள்ள நனஞ்சிருவேன்” என்றேன். “கடைசிப் புள்ள பொறந்ததிலேருந்து அப்புடித்தான். அதுனாலதாம்மா எங்கயும் வாய் நனைக்கிறதில்ல. வேற ஒண்ணும் இல்ல.”

சொல்லும்போது என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. கிளாஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பெண்களின் எத்தனையோ ரகசியங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்ட எனக்கு, என்னுடையதைச் சொல்ல நாக்கு தடித்துப் போனது.  அவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள், நான் பார்க்க அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். கொழுந்து மூட்டையைத் தூக்கினால் கால் வழியாக ஓடிவிடும், அதனால்தான் வேலைக்குப் போகவில்லை. இப்படியே போனால் தோட்டத்தில் பேர் வெட்டிவிடுவார்கள். சோம்பேறி என்று புருஷன் சொல்கிறான். மாமியார் பாயைத் தனியாகப் போடச் சொல்லிவிட்டார்.

இதற்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தனி கிளினிக் இருக்கிறது, பயிற்சி சொல்லிக் கொடுப்பார்கள், தேவையென்றால் ஒப்பரேஷனும் இருக்கிறது என்று என் பழைய குரல் திரும்பி வந்தது. கிளினிக் நாட்களில் படத்தைத் தொங்கவிட்டு நான் சொல்கிற பாடம்தான். அவள் குறுக்கிட்டாள்.

“மிஸ்ஸு எத்தன தடவ போனீங்க?”

நான் போனதே இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஏன் என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது என்றேன். அவள் கோபப்படவில்லை, சிரிக்கவுமில்லை.

“அப்ப ரெண்டு பேருமா போவோம். நீங்க காட்டுனா நானும் காட்டுறேன்.”

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அன்று இறங்கும் வழியில் நான் சொன்னபடியே நனைந்தேன். பஸ் வரும்வரை பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குறித்த நாளில் நான் லீவு போட்டுவிட்டு, சீருடை இல்லாமல் சாதாரணப் புடவையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் பிள்ளையோடு வந்திருந்தாள். நம்பர் எடுக்கும் கவுண்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவர் நின்றார். என்னைக் கண்டதும் சிங்களத்தில், பேஷன்ட் கூட்டிக்கொண்டு வந்தீர்களா மிஸ், வரிசையில் நிற்க வேண்டாம் என்று அன்போடு கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லோடு என் வாக்கு போயிற்று. அவளுக்கு மட்டும் நம்பர் எடுத்தேன். என் கை வெறுமையாக இருந்ததை அவள் பார்த்தாள்.  அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம், இன்று இவள் காரியம் நடந்தால் போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் அம்மா சிங்களத்தில் கேட்க, அவள் தமிழில் சொல்ல, நான் நடுவில் மாற்றிக் கொடுத்தேன். எப்போதிலிருந்து, எதைச் செய்தால், எவ்வளவு என்பதையெல்லாம் நடுங்காத குரலில் சொன்னேன். அடுத்தவருடையது என்றால் எனக்கு வாய் நன்றாகவே வேலை செய்யும். பரிசோதித்துவிட்டு, பிரசவத்தில் போட்ட தையல் சரியாகப் பொருந்தாத இடம் இருக்கிறது, பயிற்சியோடு பார்ப்போம், இதைச் சரி செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். அதையும் மாற்றிச் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். அவள் எழவில்லை.

“மிஸ்டத் தியெனவா” என்றாள் டாக்டரிடம்.

மிஸ்ஸுக்கும் இருக்கிறது. பஸாரில் மரக்கறி வாங்கக் கற்றுக்கொண்ட சிங்களம் அது. நான் மாற்றிச் சொல்ல மாட்டேன் என்று தெரிந்து தானே சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், பொய் சொல்லமாட்டேன். பிறகு ஆமாம் என்றேன். எவ்வளவு காலமாக என்று கேட்டார். கடைசி மகன் பிறந்ததிலிருந்து என்றேன். மகனுக்கு என்ன வயது என்றார். பதினாறு, இந்த முறை ஓ.எல். பரீட்சை எழுதுகிறான் என்றேன். டாக்டர் மனதுக்குள் வருடங்களை எண்ணுவது தெரிந்தது. எனக்கு முகமெல்லாம் தீயாக எரிந்தது.

நம்பர் இல்லாமல் பார்க்க முடியாது என்பதால், அவள் என்னைப் பிடித்து உட்காரவைத்து, பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனாள். எனக்கு நம்பர் எடுக்கத்தான். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

“பேரு கேக்குறாங்க மிஸ்” என்றாள். “எனக்கு ஒங்க பேரு தெரியாதுங்களே.”

பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். கவுண்டரில் அதே நர்ஸ் நின்றார். பின்னால் வரிசை முழுக்க ஆட்கள். என் பெயரைச் சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை, யாருக்கு என்றார். எனக்குத்தான் என்று இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.