தலைக்கு மிஞ்சிய நெற்கட்டு

கூலித் தகராறு முற்றி, அறுவடைக்கு ஆட்கள் வராத வருஷம் அது. திருக்காட்டுப்பள்ளி பக்கம் எங்களுக்கு இருந்த கொஞ்ச நிலத்தில் வீட்டுப் பெண்களே இறங்கி அறுத்தோம்.

நெற்கட்டைத் தலையில் வைத்து வரப்பு வழியே களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். என் கொழுந்தன் மனைவி செல்வி ஒல்லிக்குச்சி. ஆனாலும் பெரிய கட்டோடு கைவீசி நடந்தாள்.

"நம்ம வீட்ல தெம்பான பொண்ணுன்னா செல்விதான்" என்று மாமனார் எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

"அவ கட்டைவிடப் பெருசா கட்டிக் குடுங்க" என்றேன் கணவரிடம்.

பாதி வரப்பிலேயே கழுத்து நடுங்கியது. பின்னால் வந்த செல்வி, "அக்கா, கட்டைக் கீழ போட்டுடுங்க!" என்று கத்தினாள். அவள் கண்ணெதிரிலா? வீம்புக்கு இன்னும் நாலு எட்டு வைத்தேன். கால் வழுக்கிச் சேற்றில் குப்புற விழுந்தேன். பிடரிமேல் கட்டு. வாயெல்லாம் சேறு, மூச்சே விட முடியவில்லை. செல்வி தன் கட்டை வீசிவிட்டு ஓடிவந்து என்னைப் புரட்டித் தூக்கினாள்.

"எங்கம்மா வீட்ல மொத நாளு கால்வாசிக் கட்டுதாங்க்கா தூக்குனேன். தினம் ரெண்டு கைப்பிடி கதிரு கூட்டித்தான் இந்த அளவுக்கு வந்துச்சு" என்றாள்.

அடுத்த அறுவடையில் நானும் கால்வாசிக் கட்டோடுதான் தொடங்கினேன். முடியாவிட்டால் வெட்கப்படாமல் கீழே போட்டுவிடுகிறேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. செல்வியின் கட்டை இன்றும் ஓரக்கண்ணால் அளக்கிறேன், என் கட்டைக் களத்தில் இறக்கிய பிறகு.