வளையம் இல்லாத குழி

ஒரு குழியை மூடிவிட்டதாகக் காட்டி விஜயா அக்காவைக் கொன்றுவிட்டார்கள். நாளிதழில் அது விபத்து என்று சில வரிகளில் வந்தது. படித்தவர்கள் நம்பியிருப்பார்கள். நான் அக்காவை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்தி வந்தபோது நான் ஈப்போ நகரில் வேலை செய்யும் பார்சல் கிடங்கில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஆள் குறைவு என்று வரச் சொல்லியிருந்தார்கள், அதனால் அன்றைய சைக்கிள் சவாரிக்குப் போகவில்லை. முரளியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. முரளி எங்கள் சைக்கிள் குழுவில் என் வயதுக்காரன். எப்போதும் அக்காவுக்கு அடுத்தபடியாக ஓட்டுபவன். முதலில் வெறும் மூச்சுச் சத்தம். பிறகு, "டேய், அக்கா விழுந்துட்டாங்கடா. பின்னால லோரி. அங்க வளையம் இல்லடா. வளையமே இல்ல," என்றான். இரண்டாம் தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எந்த இடம், எப்படி விழுந்திருப்பார் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

வளையத்துக்கு வருவதற்கு முன் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தோட்டம் விற்கப்பட்டபோது, அங்கிருந்தவர்களை அதே மண்ணில் கட்டிய மலிவு அடுக்குமாடியில் ஏற்றிவிட்டார்கள். அவர் குடும்பமும் அதில் ஒன்று. அவரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது, வேலைக்கு அதில்தான் போனார். சைக்கிளை, பிடித்திருந்ததால் ஓட்டினார். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சாவு வீட்டில் ஒருவர், "பாவம், கஷ்டப்பட்ட குடும்பம், வேற வண்டி இல்ல போல," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைக்காசு இறுக்கமான வீட்டில் ஒரு பெண் ஆசைக்காக ஒன்றைச் செய்வாள் என்பது நம் ஆட்களுக்கு இன்னும் புத்தியில் ஏறவில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது சிம்பாங் பூலாயிலிருந்து மேலே ஏறும் மலைச் சாலையில். புது சைக்கிள், புதுக் கையுறை, புதுக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு போய், முதல் ஏற்றத்திலேயே இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். பழைய சாமான் கடையில் வாங்கிய ஊதா நிற ஜப்பான் சைக்கிளில் ஓர் அம்மா என்னைத் தாண்டினார். தாண்டியவர் திரும்பிப் பார்த்து, "தம்பி, சைக்கிளுக்கு வாக்கிங்கா? நல்லா நடக்குதே!" என்றார். பின்னால் வந்த முரளி சிரித்த சிரிப்பில் அவனும் இறங்க வேண்டியதாயிற்று. மேலே ஒரு கடையில் உட்கார்ந்திருந்தவர், எனக்கும் சேர்த்து ஒரு தே தாரேக் தேநீர் சொல்லிவைத்திருந்தார். குடித்து முடித்ததும், "அடுத்த வாரம் வாறீங்களா, இல்ல கையுறைய விக்கப் போறீங்களா?" என்று கேட்டார். போனேன்.

அக்கா சாந்தமான மனுஷி அல்ல. செத்துப்போனதால் அவரைச் சாமியாக்க வேண்டாம். யாரையும் முன்னால் விடமாட்டார். முந்தப் பார்த்தால் சைக்கிளைக் குறுக்கே வளைப்பார். ஹாரன் அடித்து உரசிப்போகும் கார்க்காரர்களை மூன்று மொழிகளில் திட்டுவார், மலாயும் கேண்டனீஸ் சீனமும் தீர்ந்ததும் தமிழில் சாவகாசமாக முடிப்பார். "அக்கா, அவனுக்குத் தமிழ் தெரியாதுலா," என்று முரளி ஒருமுறை சொன்னதற்கு, "அது எனக்காகத் திட்டினது," என்றார்.

நம் ஊரில் பருவங்களே கிடையாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். "நமக்கு நாலு பருவம்லா. இலை, பழம், பொகை, மழை. நாலுலயும் லோரி உண்டு." ஆண்டின் தொடக்கத்தில், விற்காமல் மிஞ்சிய ரப்பர் மரங்கள் சிவந்து இலை கொட்டும். காற்றடித்தால் சருகுகள் சக்கரத்தோடு கூடவே ஓடிவரும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் சருகுக்கு அடியில் சாலை இருக்கிறதா என்பது தெரியாது. டுரியான் பழக் காலத்தில் கார்கள் கடையைக் கண்டதும் சட்டென்று ஓரம் கட்டும், கதவு நம் முகத்துக்கு நேராகத் திறக்கும். காட்டுத்தீப் புகை மூடும் காலத்தில் சுண்ணாம்புக் குன்றுகள் காணாமல் போகும். ரப்பர் காய் வெடித்துக் கொட்டைகள் சாலையில் உருளும். கல்லுடைக்கும் இடத்திலிருந்து வரும் லோரிகளின் சத்தம்தான் முதலில் வரும். மழைக்காலத்தில் குழியும் சாலையும் ஒரே மட்டமாக மின்னும். மற்ற ஊர்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பருவத்தைப் பார்த்துப் பூவைப் பற்றி எழுதுகிறார்கள். நாங்கள் எந்தப் பருவத்தில் எதில் விழுவோம் என்று பேசிக்கொண்டோம்.

ஒரே ஒரு சவாரி முழுக்க மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு பழக்காலத்தில் கடற்கரை ஊரான லூமுட் வரை போனோம். போய்ச் சேர்ந்ததும் அக்கா சைக்கிளை மணலில் போட்டுவிட்டு, காலணியோடு தண்ணீரில் இறங்கினார். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "உப்புத்தான். சொன்னாங்க, நம்பல. இப்ப செக் பண்ணியாச்சு." அன்று படகுத்துறைப் பக்கம் பொரித்த மீனை இரண்டு தட்டு தின்றுவிட்டு, திரும்பும்போது எதிர்காற்றில் முதல்முறையாக என்னை முன்னால் ஓட்ட விட்டார். காற்றை நான் தடுக்க, அவர் பின்னால் சொகுசாக வந்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது வளையம். அடுக்குமாடியிலிருந்து பெரிய சாலைக்குப் போக ஒரே வழி பழைய தோட்டத்துச் சாலைதான். ரப்பர் பால் ஏற்றும் வண்டிக்காகப் போட்ட சாலை. இன்று அதில் கல் லோரிகள் போகின்றன. குழிகளில் விழாத ஆளே அந்தக் குடியிருப்பில் இல்லை. முரளி அங்கே விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்ட வாரம், அக்கா கோயிலுக்குப் போய், கோபுரத்துக்கு அடித்து மிஞ்சிய சாயத்தைக் கேட்டு வாங்கி வந்தார். மிஞ்சியிருந்தது ரோஸ் நிறம். அம்மனின் சேலைக்கு அடித்த நிறம். சாலையின் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் அந்த ரோஸ் நிறத்தில் வளையம் போட்டார். நானும் முரளியும் இரண்டு பக்கமும் நின்று லோரிகளை நிறுத்தினோம். ஒரு லோரிக்காரர் தலையை நீட்டி, "என்னா அக்கா, ரோட்டுக்குப் பொட்டு வைக்கிறீங்களா?" என்று கேட்டார். "ஆமா, உங்க மொதலாளிய வரச் சொல்லுங்க, அவருக்கும் வைக்கிறேன்," என்றார் அக்கா.

அதன்பின் அது பழக்கமாகிவிட்டது. மழை முடிந்தால் அழிந்த வளையங்களை மறுபடி போடுவார், புதுக் குழி கண்டால் புது வளையம். சவாரியில் முன்னால் போகிறவர் குழியைப் பார்த்தால், மலாயில் குழிக்குச் சொல்கிற "லோபாங்!" என்பதைக் கத்த வேண்டும், அடுத்தவர் அதைப் பின்னால் கடத்த வேண்டும். முன்னால் போகிறவர் எப்போதும் அக்கா என்பதால் அந்தச் சத்தம் எப்போதும் அவருடையது. தொழிற்சாலைக்கு மோட்டாரில் போகும் பெண்களும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் தாய்மாரும் வளையத்தைப் பார்த்து ஓட்டப் பழகினார்கள். ரோஸ் நிறம் இருந்தால் விலகு, இல்லாவிட்டால் நேரே போ. நாங்கள் அத்தனை பேரும் செய்த தவறும் அதுதான்: வளையம் இல்லாத இடத்தில் குழியும் இருக்காது என்று எங்கள் கைகால்களே நம்பத் தொடங்கிவிட்டன.

சாயம் அடிப்பதோடு அக்கா நிற்கவில்லை. குழிகளைப் பற்றிச் சொல்ல நகராட்சி அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முகப்பில் இருந்தவர் தமிழர், மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, அது நம்ம ரோடு இல்லலா. தோட்டத்து ரோடு."

"தோட்டம் எங்க இருக்கு? கை காட்டுங்க, போய்க் கேட்டுட்டு வாரேன்."

அவர் சிரித்துவிட்டு, தோட்டத்தை வாங்கிய நிறுவனத்தில் கேட்கச் சொன்னார். நிறுவனத்தில், தாங்கள் வாங்கிய நிலத்தின் வரைபடத்தில் அந்தச் சாலை இல்லை என்றார்கள். வெளியே வந்து அக்கா படியில் உட்கார்ந்து காலணியின் கயிற்றைக் கட்டினார். "நாம பொறந்த எடமும் யாருதும் இல்ல, நாம போற ரோடும் யாருதும் இல்ல. சாவுறதுக்கு மட்டும் எடம் கரெக்டா இருக்கும் பாரு." வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

யாருக்கும் சொந்தமில்லாத அந்தச் சாலைக்கு ஒருநாள் திடீரென்று தார் வந்தது. குடியிருப்பில் புதிதாகக் கட்டிய மண்டபத்தைத் திறந்து வைக்க ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றார்கள். ஒரே மத்தியானத்தில், குழிகளைத் தோண்டிக் கல் போட்டு இறுக்காமல், மேலாக மெல்லிசாகக் கருப்புத் தாரை இழுத்துவிட்டுப் போனார்கள். எல்லா வளையமும் மறைந்துபோனது. எங்களுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் பளபளவென்று இருந்த சாலையைப் பார்த்து எல்லாருக்கும் வாயெல்லாம் பல். அக்கா தார் மேல் சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். "பாத்தீங்களா, கேட்டா கெடைக்கும்," என்றார். சாய டின்னை அலமாரிக்கு மேலே ஏற்றிவைத்துவிட்டார். எப்போதும் எதையும் நம்பாத அந்த மனுஷி அந்த ஒன்றை நம்பினார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

மழை வந்தது. அந்த வாரம் முழுக்கக் கொட்டியது. விடுதியில் பள்ளி விடுமுறைக் கூட்டம், அக்கா இரட்டை வேலை பார்த்துக்கொண்டிருந்ததால் சைக்கிளை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. பழைய ரப்பர் பால் கொட்டகையைத் தாண்டும் இடத்தில் இரவோடு இரவாகத் தார் பெயர்ந்து, பழைய குழி முன்னைவிட அகலமாகத் திறந்து, விளிம்புவரை தண்ணீர் நின்றிருக்கிறது. அந்தத் தண்ணீரில் வானம்தான் தெரிந்திருக்கும். அக்கா நேரே ஓட்டியிருக்கிறார். பின்னால் கல் லோரி.

முரளி எனக்கு மருத்துவமனை வாசலில் இதைச் சொன்னான். அழவில்லை. "அவங்க லோபாங்னு கத்தவே இல்லடா. அதான் எனக்குப் புரியல. எப்பவும் கத்துவாங்க." லோரிக்காரர் தாப்பா ஊரைச் சேர்ந்தவராம், சாலை ஓரத்தில் குந்தியபடி, "பிரேக் அடிச்சேன் தம்பி, அடிச்சேன்," என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபத்துக்கு உரியவர்கள் அந்தச் சாலையில் குந்தி உட்காருகிறவர்கள் அல்ல.

சாவு வீட்டுக்குப் பெரிய மனிதரின் பெயரில் மலர்வளையம் வந்தது. அவருடைய ஆள் ஒருவர் விதி என்றார். இன்னொருவர், "பொம்பளைக்கு எதுக்கு அவ்வளவு வேகம்?" என்று கேட்டார். நான் எழுந்தேன். முரளி என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான். எல்லாரும் போன பிறகு அக்காவின் கணவர் சேகர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் குழி இன்னும் தொறந்துதான் இருக்கா?"

"இருக்குண்ணே."

அவர் நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரிக்கு மேலிருந்த டின்னை இறக்கிக் கொடுத்தார். "அடைச்சிரு. அடைக்க முடியாட்டி சுத்திப் போடு. நாளைக்கு வேலைக்குப் போறவங்க இருக்காங்க."

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பாதி டின் ரோஸ் சாயமும், முடி விறைத்துப்போன ஒரு தூரிகையும். அவர் திட்டிய வசவுகள் சிலவும் இருக்கின்றன, இங்கே எழுத முடியாது. அடுத்த நாள் காலை முரளி லோரிகளை நிறுத்த, நான் வளையம் போட்டேன். விறைத்த தூரிகையில் அது வட்டமாக வரவில்லை. அக்கா பார்த்திருந்தால் அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லியிருப்பார்.

ஆனால் வாழ்நாள் முழுக்கக் குழிகளுக்கு வளையம் போட்டுக்கொண்டே இருக்க எனக்கு விருப்பமில்லை. காரியம் முடிந்த மறுநாள் நானும் முரளியும் சேகர் அண்ணனும் அதே அலுவலகத்துக்குப் போனோம். அதே முகப்பு, அதே ஆள். நான்தான் கேட்டேன்.

"அந்த ரோட்டுக்குத் தார் போடச் சொன்னது யாரு? பேர் சொல்லுங்க. யாரோட ரோடுன்னும் சொல்லுங்க. சொன்னாத்தான் போவோம்."

அவர் எங்களைப் பார்த்தார், உள்ளே மூடியிருந்த கதவைப் பார்த்தார், குனிந்து மேசையைப் பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். தலைக்கு மேலே இருந்த வரிசை எண் பலகையில் மணியடித்து அடுத்தவரின் எண் வந்தது.