இடிந்த சுவரடியில் எடுத்த படம்

போன கிழமை கோலியர்ஸ் வுட் வீட்டில் அலுமாரியை ஒதுக்கும்போது பழைய கமெராவின் தோல் உறை கையில் பட்டது. எடுத்து மணந்து பார்த்தேன். பூஞ்சண மணம்தான், ஆனால் மூக்கு என்னை நேரே அமெரிக்கப் பாலைவனத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போது இங்கே பக்கத்திலேயே, நோர்பரியில் ஒரு அறையில் தனியாக இருந்தேன். வேலை பெற்றோல் ஷெட்டில். ஆட்கள் சொல்லும் பம்ப் நம்பரைத் தவிர வேறு பேச்சே காதில் விழாது. ஒரு மாறுதலுக்கு பிளேன் ஏறி, அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்த பெரியப்பா மகனிடம் போனால், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீ பஸ்ஸிலை ஏறிச் சுத்திப் பாரடா, நான் டிக்கெட் எடுத்துத் தாறன்" என்றார் அண்ணை. சூதாடுகிற கசினோவுக்காக்கும் என்று சப்பாத்தைப் பொலிஷ் பண்ணிக்கொண்டு ஏறினேன். பஸ் போய் நின்றது ஒரு கைவிட்ட வெள்ளிச் சுரங்கத்தில்!

துருப்பிடித்த தண்டவாளம், பலகை அடித்து மூடிய சுரங்க வாய், கூரையில்லாத தொழிலாளர் வீடுகள். வெள்ளி தீர்ந்ததும் சனம் கோப்பை பீங்கானைக்கூட எடுக்காமல் போய்விட்டதாம். பஸ்ஸில் வந்தவர்கள் சோடி சோடியாகப் படம் எடுத்தார்கள். நான் ஒரு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து என் கமெராவை வாங்கி, சிரி என்றாள். சிரித்தேன்.

அடுத்த வருசம் கொழும்பிலிருந்த மாமி எனக்குக் கலியாணம் பேசினா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பள்ளிக்கூட ரீச்சர். தனியாக நிற்கும் படம் கேட்டா. என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் ஆரோ ஒருவரின் கலியாணப் பந்தியில் வாய்க்குள் சோறோடு. பிள்ளையின் படமும் வந்தது. கண்ணாடியில் செருகிவைத்தேன். சிரிக்காதையுங்கோ, ஷிப்டுக்கு வெளிக்கிடும்போது அதற்கு "போயிட்டு வாறன்" என்று சொல்லவும் தொடங்கிவிட்டேன்.

ஒருநாள் மாமி போன் எடுத்தா. "அவள் வேண்டாமெண்டிட்டாளடா. 'எங்கடை வீடே குண்டு விழுந்து இப்பிடித்தான் நிக்குது. காசு குடுத்துப் போய் இடிஞ்ச சுவருக்கு முன்னாலை நிண்டு சிரிக்கிற மனிசனோடை என்னெண்டு சீவிக்கிறது?' எண்டு கேட்டாளாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதானே? "மாமி, நான் சுவரைப் பாத்துச் சிரிக்கேல்லை. கன நாளைக்குப் பிறகு ஒரு ஆள் என்னோடை கதைச்சதுக்குத்தான் சிரிச்சனான், அதை அவளிட்டைச் சொல்லுங்கோ" என்றேன்.

"விடடா, வேறை பாப்பம். பிள்ளையின்ரை படத்தைத் திருப்பி அனுப்பு."

அனுப்பினேன். வேறு பார்த்ததும் சரிவரவில்லை. மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டா. அந்த மறுமொழியைக் கொண்டுபோய்ச் சொல்ல இனி ஆளில்லை. இப்போது எவ்வளவு யோசித்தாலும் அந்தப் பிள்ளையின் முகம் வருகுதில்லை. அதை நினைக்கத்தான் அழுகை வருகிறது.