மாலை கொண்டு வந்த வண்டு

பிள்ளைகளே, சுவிஸில், லாங்கன்தால் ஊரில், ஒரு கலியாண மண்டபத்துச் சமையலறையில் ஒரு சமையல்காரரைச் சந்தித்தேன். பெரிய வயிறு, நெற்றி நிறைய விபூதி. எங்கே இரைச்சல் கேட்டாலும் அவர் தலை மேலே போகும். பக்கத்தில் வக்கூம் கிளீனர் ஓடினாலும் கூரையைத்தான் பார்ப்பார்.

இலங்கையில், அவருடைய வன்னியில் சண்டை நடந்தபோது, வேவு பார்க்க வரும் ஆளில்லா விமானத்தைச் சனம் வண்டு என்றுதான் சொல்லும். அது சுற்றினால் பின்னால் ஷெல் குண்டு வரும். அந்தப் பயம் அவரை விடவில்லை.

அன்று மாப்பிள்ளையின் மாலையை ட்ரோன் கொண்டுவருவதாக ஏற்பாடு. அதைக் கேட்டதும், சமையலறையில் இருந்த இரண்டு மைக்ரோவேவிலும் தண்ணீர்க் கோப்பையை வைத்து ஓடவிட்டார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"இப்பத்தைய சண்டையில வண்டைச் சுடத் தேவையில்லைத் தம்பி. மைக்ரோவேவை ஓடவிட்டு அதின்ர சிக்னலைக் குழப்பினால் காணும். போனில பாத்தனான்."

"இது கலியாணம் அண்ணை! முகூர்த்தம் முடியப்போகுது."

"வண்டுக்கு அது தெரியுமோ?"

நான் சிரித்து முடிக்கவில்லை. உள்ளே வந்த ட்ரோன் மேடைக்குப் போகாமல் தடுமாறி, சமையலறை வாசலில் இறங்கிவிட்டது. மைக்ரோவேவின் வேலையோ, பற்றரி தீர்ந்ததோ, எனக்கு இன்றும் தெரியாது.

"மாலை எங்கை?" என்று மேடையிலிருந்து ஐயர் கத்தினார். சமையல்காரர் மாலையை எடுத்தார். குண்டைத் தூக்குவதுபோல் கைகளை நீட்டிப் பிடித்து, மெல்ல மெல்ல நடந்தார்.

"கெதியா நடவுங்கோ அண்ணை!"

"பொறு தம்பி. வண்டு மாலையோட வந்தது எனக்கு இதுதான் முதல்தரம்."

நல்லவேளை, முகூர்த்தம் தப்பவில்லை. அட்சதை போடும்போது எல்லோரும் மணமக்களைப் பார்த்தோம். அவர் மட்டும் கை நிறைய அரிசியோடு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.