மொய்க் கவரில் வந்த சம்பளம்

கொஞ்ச நாள் முன்பு ஒரு வங்கியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கடன் கேட்கப் போன இடத்தில் யாராவது சிரிப்பார்களா? நான் சிரித்தேன். காரணம், கூட வந்த பூங்கொடி... இல்லை, அவள் கொண்டுவந்த ஆதாரங்கள்.

பூங்கொடி, கள்ளக்குறிச்சியில் நான் வழக்கமாகப் புடவை எடுக்கும் கடையில் வேலை செய்பவள். மலைபோலப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்தாலும் முகம் சுளிக்காத ஒரே ஜீவன். ஊர் ரிஷிவந்தியம் பக்கம். கடை மூடுவதற்குள் அவள் ஊர்ப் பஸ் போய்விடும். அப்புறம் யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போக வேண்டும். "வண்டி வாங்கு, இல்லாட்டி வேலைய வுட்டுடு" என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்கூட்டர் லோன் கிடைத்தால் வேலை உண்டு. கிடைக்காவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

"நீங்க சும்மா கூட குந்துங்கக்கா, அது போதும்" என்றாள். குந்தினேன்.

வங்கி அதிகாரி, "சம்பளச் சீட்டு இருக்காம்மா?" என்றார். பூங்கொடி பையைத் திறந்து மேஜையில் வரிசையாக அடுக்கினாள். ரோஸ், மஞ்சள், ஊதா... எல்லாம் மொய்க் கவர்கள். "மணமக்கள் பல்லாண்டு வாழ்க."

அதிகாரி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாசா மாசம் யாருக்கும்மா கல்யாணம்?"

"முதலாளியோட மச்சான் ஃபேன்சி ஸ்டோர மூடினாருங்க. அப்ப மீந்த கவரு. அதுலதான் முதலாளி சம்பளம் போட்டுக் குடுத்துக்கினு இருக்காரு."

"மூலையில ஒட்டியிருந்த ஒரு ரூபாய்?"

"அதுவும் சம்பளத்துல சேத்திதாங்க."

இங்கேதான் நான் சிரித்தேன். அதிகாரியும் சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார் – சம்பளச் சீட்டு முதலாளி பார்த்துக் கொடுக்கும் சலுகை இல்லை, சட்டப்படி கொடுக்க வேண்டியது. சம்பளம் எவ்வளவு, எதற்காகப் பிடித்தம், கையில் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். இத்தனை வருஷம் கோயில் வாசலில் நின்று கும்பிட்ட பெண்ணிடம், உள்ளே போக உன்னிடமே டிக்கெட் இருக்கிறது என்று சொன்ன மாதிரி இருந்தது அவள் முகம்.

மறுநாள் நானும் கடைக்குப் போனேன். புடவை பார்க்கத்தான்... நம்புங்கள்.

முதலாளிக்கு மனசு நொந்துவிட்டது. "இன்னா பூங்கொடி, வூட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருக்கேன். என்கிட்ட போயி சீட்டு கேக்கறியே?"

"வூட்டுப் பொண்ணுன்னு பேங்க்ல சொன்னா லோன் தரமாட்டாங்க முதலாளி."

சுடிதார் செக்ஷனிலிருந்து ஒரு குரல்: "அப்ப எங்களுக்கும் சீட்டுங்க." துண்டு, லுங்கி செக்ஷனும் சேர்ந்துகொண்டது.

ஒரு வாரம் உர்ரென்று இருந்தவர், தெரிந்த அச்சகத்தில் சீட்டு அடித்துவிட்டார். அந்த அச்சகம் அடிப்பது கல்யாணப் பத்திரிகை மட்டும். ஆகவே மேலே பிள்ளையார், கீழே குத்துவிளக்கு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது முதலாளியின் சொந்தக் கற்பனை!

பழைய மாதங்களுக்கும் சேர்த்து எழுத உட்கார்ந்தார். 'பிடித்தம் – காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. மாதாமாதம் ஏதோ பிடிப்பார். எதற்கென்று யாரும் கேட்டதில்லை, அவரும் யோசித்ததில்லை. ஃபேனைப் பார்த்தார். பொம்மைக்குக் கட்டியிருந்த பட்டுப்புடவையைப் பார்த்தார். காரணம் கிடைக்கவில்லை. கடைசியில் கல்லாவைத் திறந்து, பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டத்தில் ஒரு கோடு போட்டார். வாயால் சுலபமாகச் சொல்லிவிடுகிற பல விஷயங்களை எழுதச் சொன்னால் கை வராது இல்லையா?

லோன் வந்துவிட்டது. எனக்கே வண்டி வாங்கின மாதிரி அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன ஞாயிறு பூங்கொடியின் தங்கைக்குக் கல்யாணம். மண்டப வாசலில் புது ஸ்கூட்டர் நின்றது, மணப்பெண்ணைவிட ஜாஸ்தி பூவோடு. மொய் எழுதும் மேஜையில் பூங்கொடியே உட்கார்ந்திருந்தாள். முதலாளி வந்தார், கவரைக் கொடுத்தார், பெயரைச் சொன்னார். ஆனால் நகரவில்லை. பின்னால் வரிசை நீள்கிறது.

"இன்னாங்க முதலாளி?"

"குடுத்ததுக்கு ஒரு சீட்டு..."

பூங்கொடி நிமிர்ந்து பார்த்தாள். "வூட்டுப் பொண்ணுகிட்ட போயி சீட்டு கேக்கறீங்களே முதலாளி."