ஏலக்காய் மணத்த குழாய்

போடிநாயக்கனூர் நகராட்சியில் குடிதண்ணீர், சாக்கடை இரண்டுக்கும் பொறுப்பாயிருந்த எஞ்சினியர் காசிமாயனுக்கு ஆபீசில் ஒரு நாற்காலி உண்டு. அதில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. விடிந்ததும் மலையடித் தடுப்பணைக்குப் போய்விடுவார். மலையிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரை அங்கேதான் மறித்து, வடிகட்டி, ஊருக்குள் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவார்கள். அங்கிருந்து தெருத்தெருவாக நடந்து வந்து பதினோரு மணிக்கு ஆபீசுக்குள் நுழைவார். அப்போது அவர் காலில் இருக்கும் சேற்றைப் பார்த்தே எந்தத் தெருவில் அடைப்பு என்று பியூன் சொல்லிவிடுவார்.

ராசிங்காபுரத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. படித்துப் பட்டம் வாங்கிய மகன் சாக்கடைக்குள் இறங்குகிறான் என்று கேள்விப்பட்டு, அவருடைய அப்பா ராக்கையா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பசித்தது, சாப்பிட்டார். மகன் இறங்குவதை நிறுத்தவில்லை. மண்ணுக்குள் எங்காவது குழாய் கசிந்தால் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். "இந்த இடத்துல தோண்டு" என்பார். தோண்டினால் உடைப்பு அங்கேதான் இருக்கும். இப்படி ஒரு காதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஆனால் அவரை ஏமாற்றியது காது அல்ல, மூக்கு.

ஊரில் கிட்டங்கித் தெரு என்று ஒன்று. ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கி ஒன்று அதன் தலைமாட்டில் இருந்ததால் அந்தப் பெயர். அந்தத் தெருக் குழாயில் காலையில் முதலில் வரும் தண்ணீர் லேசாக ஏலக்காய் மணக்கும். தெருக்காரர்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. மலையில் ஏலத்தோட்டத்துக்குள் புகுந்து வரும் ஓடையாயிற்றே, மணக்காமல் என்ன செய்யும் என்பார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு முதல் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து கொடுப்பார்கள். காசிமாயனுக்கும் அந்தக் கிறுக்கு இருந்தது. மதுரையிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வந்தபோது, அந்தக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து நீட்டி, "எங்க மலையோட வாசம் சார்" என்றார். அதிகாரி குடித்துவிட்டுத் தலையாட்டினார்.

1978 ஐப்பசியில் அந்தத் தெருவில் மட்டும் ஏழு பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஏழு பேரிலும் மோசம் ஆறு வயதுப் பொன்னுமணி. காசிமாயனுடன் ஆரம்பத்திலிருந்தே குழாய் வேலை செய்யும் பிட்டர் உக்கிரபாண்டியின் ஒரே மகள். நினைவு தப்பிய பிள்ளையை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உக்கிரபாண்டியின் பெண்சாதி ஜக்கம்மாள், காசிமாயனை 'அண்ணே' என்று கூப்பிடுகிறவள், பஸ் ஏறும்போது அவரைப் பார்த்து, "நீங்களும் படிச்சவுகதான? எம்புள்ளைக்கு இது எதனால வந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே" என்றாள்.

தெரு அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. மோர் விற்கும் சோலையம்மாளைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுடைய மோர்ப் பானையை உடைத்து, தெருவுக்குள் கால் வைக்காதே என்று விரட்டினார்கள். காசிமாயன், "அவ நாலு தெருவுல மோர் விக்கிறா. மத்த தெருவுல ஒரு புள்ளைக்கும் ஒண்ணுமில்லையே! ரெண்டு நாளைக்குக் குழாயை அடைச்சுப் பாப்போம்" என்றார். கொதித்துவிட்டார்கள். "ஊருலயே மணக்குற தண்ணி எங்க தண்ணி. அதையா சார் குத்தம் சொல்றீக?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மணக்கிற தண்ணீர் எப்படிக் கெட்ட தண்ணீராகும் என்று காசிமாயனின் மனசே அந்தப் பெரியவருக்காகப் பரிந்து பேசியது. அதுதான் கொடுமை.

மறுநாள் தடுப்பணைக்குப் போய் ஒரு கை அள்ளி முகர்ந்தார். மணமில்லை. வடிகட்டும் தொட்டியில் இல்லை. மேல்நிலைத் தொட்டியில் இல்லை. அடுத்த தெருக் குழாயிலும் இல்லை. மலையோட வாசம் மலையில் இல்லாமல் ஒரே ஒரு தெருவில் எப்படி இருக்கும்? மதுரைக்குப் போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த உக்கிரபாண்டியைக் கேட்டார்.

"வருசம் பூராவுமா மணக்குது பாண்டி?"

"இல்ல சார். சித்திரையில மணக்காது. காய் சீசன்லதான்."

கேட்டதும் காசிமாயனுக்குக் கிட்டங்கி முற்றம் ஞாபகம் வந்தது. சீசனில் அங்கே காயைப் பச்சை ஏறுவதற்காகச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் அலசி உலர்த்துவார்கள். அலசிய தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகும். வீடுகளின் கக்கூஸ் தண்ணீரும் அதே சாக்கடையில்தான். 1973இல் இந்தத் தெருவுக்குக் குழாய் போட்டவர் அவர்தான். சாக்கடையைத் தாண்டும் இடத்தில் அதற்கு இரண்டடி கீழே போக வேண்டிய குழாய். தோண்டும்போது பாறை குறுக்கிட்டது. திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. "உடைக்க நாளாகும். சாக்கடைக்குள்ளயே வெரசா விட்டுருவோம், இரும்புக் குழாய்தான" என்று சொன்னவரும் அவர்தான். வரைபடத்தில் மட்டும் குழாய் ஒழுங்காகக் கீழே போனது.

"அந்தப் பாறை..." என்றான் உக்கிரபாண்டி. அவனுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஊர் திரும்பி, குழாயில் தண்ணீர் நின்ற பிறகு, காசிமாயன் துணிக்குப் போடும் நீலத்தை இரண்டு வாளியில் கரைத்துக் கிட்டங்கிச் சாக்கடையில் ஊற்றினார். தண்ணீர் ஓடும்போது குழாய் தன்னைக் காத்துக்கொள்ளும். நின்றுவிட்டால் இணைப்பு விட்ட இடத்தின் வழியாக வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். காலையில் தண்ணீர் திறக்கும் நேரத்துக்குக் குடங்களோடு தெருவே நின்றது. ஒரு வெள்ளைப் பீங்கான் பேசினைக் குழாயடியில் வைத்தார். முதல் தண்ணீர் கமகமவென்று விழுந்தது. வெளிர் நீலமாக விழுந்தது.

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஓடினாள்.

அந்த நேரத்தில் அவர் தப்பித்திருக்கலாம். குழாய் பழசு, மண் அரித்துவிட்டது என்று எதையாவது சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். எஞ்சினியர் கண்டுபிடித்துவிட்டார் என்று மாலை கூடப் போட்டிருப்பார்கள். காசிமாயன் குழாயை அடைத்துவிட்டுச் சொன்னார்: "மோருல ஒண்ணுமில்ல. சோலையம்மாகிட்ட எல்லாரும் மன்னிப்புக் கேளுங்க. இந்தக் குழாயைச் சாக்கடைக்குள்ள போட்டவன் நான். பாறையை உடைக்கச் சோம்பேறித்தனப்பட்டேன். புள்ளைகளுக்கு வந்த சீக்கு என்னால வந்தது."

அதை அப்படியே எழுதிக் கமிஷனரிடமும் கொடுத்தார். இரண்டு வருசத்துக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அன்று மத்தியானமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி, பாறையில் முதல் அடியை அவரே அடித்தார். பாறை உடைந்து வழிவிட ஒன்பது நாள் ஆனது. அதுவரை தெருவுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. குழாயைச் சாக்கடைக்குக் கீழே இறக்கிய பிறகு அந்தத் தெருவில் புதிதாக ஒரு பிள்ளைக்கும் கண் மஞ்சளாகவில்லை.

பொன்னுமணி இருபத்து மூன்று நாள் கழித்து எலும்பும் தோலுமாக வீடு திரும்பினாள். உக்கிரபாண்டி வழக்கம்போல வேலைக்கு வந்தான். ஜக்கம்மாள் மட்டும் காசிமாயனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் அந்தப் பக்கம் வந்தால் உள்ளே போய்விடுவாள். ஒருநாள் கூட அவர் அந்தத் தெருவுக்குப் போகாமல் இருந்ததில்லை. தினமும் முதல் தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்கு நடப்பார். தண்ணீரில் முன்னே மாதிரி வாசமில்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். திருந்தாத சனம். அந்தக் குறையைக் கேட்கும்போதெல்லாம் அவர் சிரித்துக்கொள்வார்.

அடுத்த ஐப்பசி வந்தது. கிட்டங்கியில் காய் அலசும் மணம் தெரு முழுக்க வீசியது. காசிமாயன் பயந்துகொண்டே முதல் தண்ணீரைப் பிடித்தார். முகர்ந்தார். மறுபடி பிடித்து முகர்ந்தார். நம்பிக்கை வராமல் மூன்றாவது முறையும் கையை நீட்டியபோது பக்கத்தில் ஒரு சில்வர் டம்ளர் நீண்டது. ஜக்கம்மாள் நின்றிருந்தாள். குழாயில் டம்ளரை நிறையப் பிடித்து அவரிடம் கொடுத்தாள். வாங்கியவர், பழக்க தோசம், மூக்குக்குக் கொண்டுபோனார்.

"மோந்து பாத்தது போதும்ணே" என்றாள் அவள். "குடிங்க. எம்புள்ள இதைத்தான் குடிக்கிறா."