ஏரிக்கு மேல் இருபது கிலோமீற்றர் வேகத்தில்

நான்கு குளிர்காலமாக வாயாலேயே ஓட்டிக்கொண்டிருந்த, பனிமேல் ஓடும் ஸ்னோ ஸ்கூட்டரை 2007 பெப்ரவரியில்தான் கண்ணால் கண்டேன். நோர்வேயில், ஒஸ்லோப் பாடசாலைகளுக்குக் குளிர்கால விடுமுறை வரும் அந்த வாரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் அடுக்குமாடியில் பாதிப்பேர் மலைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் வீட்டில் இருந்து விருந்தாளிகளுக்குச் சமைப்போம். இந்த முறை உறைந்த ஏரிக்கு மேல் அப்பா ஓட்ட, பின்னால் இருந்து வரலாம் என்று பன்னிரண்டு வயது மகள் மதுராவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். வேலையிடம், கோயில், குறொன்லாண்ட் மரக்கறிக்கடை என்று செய்தியைப் பரப்பியதும் நான்தான்.

திட்டமிடுவோருக்கு முதலில் ஒன்று. பொழுதுபோக்குக்காக ஸ்னோ ஸ்கூட்டர் ஓட்ட ஒஸ்லோப் பக்கத்தில் அனுமதி இல்லை. இது தெரியாமல் மியோசா ஏரிக்கரையில் வீடு வாடகைக்கு விடும் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சிரித்து முடியும்வரை காத்திருந்தேன். பிறகுதான், "எல்லை தாண்டிச் சுவீடனுக்குப் போங்கள்" என்றார்.

அப்படித்தான் இட்ரெ என்ற சுவீடன் ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையைத் தெரிவு செய்தேன். சனிக்கிழமை காலை 6.40க்குப் புறப்பட்டோம். 8.30க்கு எல்வெரும், கோப்பிக்கு இருபது நிமிடம். த்ரீசில் தாண்டி எல்லையைக் கடந்தபோது கடவுச்சீட்டைக் கேட்க ஒருவரும் இல்லை. 11.45க்கு ஏரிக்கரை. மொத்தம் 320 கிலோமீற்றர் அளவில். வெளியே மைனஸ் பதினொன்று, நல்ல வெயில். ஏரி எது, கரை எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளை.

வாடகைக்காரர் தாடி வைத்த அமைதியான மனிதர். ஹெல்மெட், சப்பாத்து, தடித்த உடுப்பு எல்லாம் சேர்த்து மூன்று மணித்தியாலத்துக்குத் தொள்ளாயிரம் சுவீடன் குரோனர். நான் ஹெல்மெட்டை மாட்டிப் படத்துக்கும் நின்றுவிட்டேன். அதன்பிறகுதான் அவர் லைசன்ஸ் கேட்டார். பார்த்தார். முடியாது என்று தலையை ஆட்டினார்.

இரண்டாயிரத்துக்கு முன் லைசன்ஸ் எடுத்தவர்கள் அப்படியே ஓட்டலாமாம். பிறகு எடுத்தவர்கள் தனியாகப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டுமாம். என்னுடையது 2001. நாலு வருடம் திட்டம் போட்டவனுக்கு இதை விசாரிக்கத் தோன்றவில்லை. மதுரா தன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

"என்ர தொண்ணூற்றெட்டு" என்றாள் என் மனைவி ராஜினி, மெதுவாக.

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கார் பழகப் போனபோது, "வீட்டு வாசலில ரயில் நிக்குது, உமக்கு என்னத்துக்கு லைசன்ஸ்?" என்று கேலி செய்தவன் நான். அவள் முதல் தடவையிலேயே எடுத்தாள். நான் இரண்டு தடவை தவறி, மூன்று வருடம் பிந்தி எடுத்தேன்.

"ஆனா தண்ணிக்கு மேல என்னால ஏலாது. ஐஸ் உடைஞ்சா?"

வாடகைக்காரர் கையை இடுப்பளவில் பிடித்து, "இவ்வளவு தடிப்பு. பாதை குறித்திருக்கும் கம்புகளை விட்டு விலகாதீர்கள், போதும்" என்றார். ராஜினி அசையவில்லை. மதுராவின் முகத்தைப் பார்த்தேன். சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"ராஜினி, நீர் ஓட்டும். அண்டைக்கு நான் சொன்னது பிழை."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ, பிள்ளையும் கேக்கட்டும்."

சொன்னேன். அவள் ஹெல்மெட்டை எடுத்தாள்.

ஸ்கூட்டரில் இரண்டு பேருக்குத்தான் இடம். அம்மா முன்னால், மகள் பின்னால். எனக்குக் கிடைத்தது பின்னால் கொழுவி இழுக்கும் மரச் சறுக்குவண்டி. மான்தோல் விரித்து, கால்களுக்கு நடுவில் கம்பளியில் சுற்றிய சோற்றுப்பானையோடு உட்கார்ந்தேன். சறுக்குவண்டியில் ஆள் இருந்தால் இருபதுக்கு மேல் ஓடக்கூடாது என்று வாடகைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதல் ஐந்நூறு மீற்றர் நடந்தே முந்தியிருக்கலாம். பிறகு அவள் தோள்கள் தளர்ந்தன. வேகம் பிடித்தது. பனித்தூள் முழுவதும் என் முகத்தில். என்ஜின் சத்தத்துக்கு மேலால் ராஜினி சிரிப்பது கேட்டது. அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று யோசித்தேன். எனக்குச் சந்தோஷமாகவும் வெட்கமாகவும் இருந்தது.

நடு ஏரியில் நிறுத்திச் சாப்பிட்டோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். கரண்டி கொண்டுவரவில்லை, அதுவும் என் திட்டமிடல். மைனஸ் பதினொன்றில் கையுறையைக் கழற்றிக் குழைத்துச் சாப்பிட்டால் ஐந்தாவது வாய்க்கு விரல் யாருடையது என்று தெரியாது. மதுரா இறைச்சித் துண்டு இல்லையென்று முறைப்பாடு வைத்தாள். திரும்பும்போதும் அம்மாதான் ஓட்ட வேண்டும் என்றாள், வேறு ஆள் இருந்ததுபோல.

போகிறவர்களுக்கு: விடுமுறை வாரமென்றால் ஒரு மாதம் முன்னரே பதிவு செய்யுங்கள். இரண்டு சோடி கம்பளிக் காலுறை, கரண்டி, வெந்நீர்ப் போத்தல் அவசியம். பதிவு செய்வதற்கு முன் வீட்டில் எல்லாருடைய லைசன்ஸையும் எடுத்துத் திகதியைப் பாருங்கள். உங்களுடையதை மட்டுமல்ல.

அடுத்த சனிக்கிழமை குறொன்லாண்ட் கடையில், "எப்பிடி அண்ணை, ஓட்டினீங்களோ?" என்று கடைக்காரர் சத்தமாகக் கேட்டார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"ராஜினி ஓட்டினவ" என்றேன். "நான் பானையைப் பிடிச்சனான்."